வேனில் ஏறாத பிள்ளைகள்

நாத்தனார் என்றால் தம்பி பெண்டாட்டியைக் குறை சொல்லியே ஆகவேண்டும் என்று எழுதாத சட்டம் ஒன்று இருக்கிறது. நானும் என்னால் ஆனமட்டும் முயன்று பார்த்துவிட்டேன். இசைவாணி வைக்கிற ரசத்தில் புளி தூக்கலாக இருக்கும். துணியைச் சரியாகப் பிழியாமல் கொடியில் போடுவாள். வீட்டுச் சாவியை எங்கே வைத்தோம் என்று வாரம் ஒரு முறையாவது தேடுவாள். இதற்கு மேல் என் கையில் சரக்கு இல்லை. அதனால் இனி அவளைப் பற்றிப் பெருமையாகத்தான் பேசப்போகிறேன். பிடிக்காதவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

என் பெயர் மாலதி. திருக்காட்டுப்பள்ளியிலிருந்து கொஞ்சம் உள்ளே, வாய்க்கால் கரையை ஒட்டி எங்கள் ஊர். உள்ளூரிலேயே வாழ்க்கைப்பட்டவள் நான். தம்பி சதீஷின் வீடு என் வீட்டுக்கு அடுத்தது. நடுவில் சுவர் இல்லை, ஒரு முருங்கை மரம்தான் நிற்கிறது. சன்னலோரம் தையல் மிஷினைப் போட்டு உட்கார்ந்தால் அந்த வீட்டு வாசலும் கொல்லையும் நன்றாகத் தெரியும். ரவிக்கை தைப்பது என் தொழில். தம்பி வீட்டில் என்ன நடக்கிறது என்று பார்ப்பது என் பொழுதுபோக்கு.

சதீஷ் சிங்கப்பூரில் கட்டட வேலைக்குச் சூப்பர்வைசராக இருக்கிறான். வருஷத்துக்கு ஒரு முறை லீவில் வருவான். வாணி பட்டுக்கோட்டைப் பக்கத்துப் பெண், ஆசிரியர் பயிற்சி முடித்தவள். கல்யாணத்துக்கு முன்னால் அங்கே ஒரு நர்சரிப் பள்ளியில் எல்.கே.ஜி. பிள்ளைகளுக்கு டீச்சராக இருந்தாள். மூன்று வயதுப் பிள்ளைகள் வேனில் தூங்கிக்கொண்டே வந்து பெஞ்சில் தலையைச் சாய்த்துக்கொள்ளும் என்று சொல்லுவாள். அதுகளை எழுப்பி உட்காரவைத்து, கையைப் பிடித்துக் கோடு போட வைப்பதுதான் அவளுக்கு அங்கே வேலை. எழுப்பும்போது அதுகள் முழிக்கிற முழியை இன்னும் மறக்க முடியவில்லை என்பாள்.

மூத்தவள் குந்தவை பிறந்தபோதே வாணி தீர்மானித்துவிட்டாள். ஐந்து வயது முடிகிறவரை பிள்ளைகள் வீட்டில்தான் படிக்கும். அதன் பிறகு நேராக ஒன்றாம் வகுப்பு, எங்கள் ஊர் அரசுப் பள்ளியில். அடுத்து பகலவன் பிறந்தான். அவனுக்கும் அதே ஏற்பாடு. இப்போது குந்தவைக்கு நாலரை வயது, பகலவனுக்கு மூன்று.

ஊர் சும்மா இருக்குமா? காலையில் மஞ்சள் வேன் ஹாரன் அடித்துக்கொண்டு வரும். தெருவில் இருக்கிற அரை டிக்கெட்டுகள் எல்லாம் டை கட்டி, ஷூ போட்டு, பாதித் தூக்கத்தில் ஏறும். அந்த நேரம் பார்த்து எங்கள் வீட்டுப் பிள்ளைகள் இரண்டும் கோழிக்கூட்டைத் திறந்துவிட்டு முட்டை தேடிக்கொண்டிருக்கும். வேனேற்ற வருகிற அம்மாக்கள் வாணியைப் பார்த்து, உடம்பு சரியில்லையா, இன்னும் சேர்க்கவில்லையா, வீட்டுக்காரர் வெளிநாட்டில்தானே இருக்கிறார் என்று அடுக்குவார்கள். அவள் சிரித்து வைப்பாள். எனக்குத்தான் வாய் சும்மா இருக்காது. எங்கள் வீட்டுப் பள்ளிக்கூடத்துக்கு இன்னும் மணி அடிக்கவில்லை என்று சன்னலிலிருந்தே சொல்லி அனுப்புவேன்.

அப்படி என்ன படித்தார்கள் என்று கேட்டால், எனக்கே முதலில் புரியவில்லை. கரும்பலகை இல்லை, புத்தகப்பை இல்லை. வாசல் சிமெண்டுத் தரையில் ஒரு கிண்ணம் தண்ணீரை வைத்துவிட்டு, விரலால் எழுதச் சொல்லுவாள். வெயில் ஏற ஏற எழுத்து காய்ந்து மறையும். ஒரு பெயரை எழுதி முடிப்பதற்குள் முதல் எழுத்து போய்விடும். அது போவதற்கு முன்னால் முடிக்க வேண்டும் என்று குந்தவை நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதுவாள். சித்திரை மாத வெயிலில் தன் பெயரை முடிக்க முடியாமல் அவள் அழுதிருக்கிறாள். அப்புறம் அவளே நிழல் பார்த்து இடம் மாறிக்கொண்டாள்.

சமையற்கட்டிலும் பாடம்தான். அரிசி அளக்கிற ஆழாக்கு இருவர் கையிலும் மாறி மாறி இருக்கும். நடவுக்கு ஆள் வரும் நாளில் பிள்ளைகளும் வரப்புக்குப் போவார்கள். எத்தனை பேர் வந்திருக்கிறார்கள், எத்தனை டீ சொல்ல வேண்டும் என்று குந்தவை எண்ணிச் சொல்ல வேண்டும். ஒரு தடவை ஒரு டீ குறைந்துபோய், நடவுக்கு வந்த காத்தாயி தனக்கில்லையா என்று கேட்க, இவள் தன் பங்குப் பாலைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். அதற்குப் பிறகு அவள் எண்ணிக்கை தவறியதில்லை.

மத்தியானம் சாப்பாட்டுக்கு இலை போடுவது பிள்ளைகளின் வேலை. கொல்லையில் வாழை இருப்பதால் எங்கள் இரண்டு வீட்டிலும் பாதி நாள் இலைச் சாப்பாடுதான். நுனி இடது பக்கம் வரவேண்டும் என்று எல்லா அம்மாக்களும்தான் சொல்லிக்கொடுப்பார்கள். வாணி அதோடு விடமாட்டாள். ஏன் என்று கேட்பாள். சோறு அள்ளுகிற கைப்பக்கம் அகலம் வேண்டும், அதனால்தான் என்று பிள்ளை சொல்ல வேண்டும். எதிர்வரிசையில் உட்காரும் எனக்கு இலை போடும்போது குந்தவை முதலில் தன் பக்கத்து இடதைப் பார்த்து மாற்றிப் போட்டுவிடுவாள். வாணி திருத்தமாட்டாள். அத்தை இடத்தில் போய் உட்கார்ந்து பார் என்பாள். பிள்ளை வந்து என் இடத்தில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, கையை நீட்டிப் பார்த்துவிட்டு, எழுந்து போய் இலையைத் திருப்பும். அது முடிகிறவரை நான் பசியோடு நிற்க வேண்டும். ஒரு நாள் கடுப்பாகி, சோறு போடுகிறாயா, வகுப்பு நடத்துகிறாயா என்று கேட்டே விட்டேன்.

எல்லா நாளும் இப்படி அழகாகப் போனது என்று சொன்னால் அது சுத்தப் பொய். பகலவன் என் கத்திரிக்கோலை எடுத்து ஒரு கல்யாண ரவிக்கையின் கையை மட்டும் தனியாக வெட்டி வைத்த நாளில் நான் போட்ட சத்தம் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் கேட்டிருக்கும். வாணியும் கத்துவாள். தலைவலி வந்தால் போனில் பொம்மைப் படத்தைப் போட்டுக் கொடுத்துவிட்டுச் சுருண்டு படுப்பாள். இரண்டும் ஒன்றையொன்று கடித்துவைத்துக்கொண்டு அழும்போது, பேசாமல் வேனில் ஏற்றிவிட்டிருக்கலாம் அண்ணி என்று என்னிடம் அவளே சொல்லியிருக்கிறாள். மறுநாள் காலையில் மறுபடியும் அந்தத் தண்ணீர்க் கிண்ணம் வாசலில் இருக்கும். அந்தப் பிடிவாதம்தான் எனக்கு அவளிடம் ரொம்பப் பிடித்தது.

சதீஷுக்கு மட்டும் இது ஒத்துக்கொள்ளவே இல்லை. அவன் பக்கமும் நியாயம் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூர் போன புதிதில் அவனுக்கு இங்கிலீஷ் வராது. வேலை தெரிந்தும் பேசத் தெரியாததால் அவனுக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லாம் மேலே போனார்கள். கூட்டத்தில் ஏதாவது கேட்டால் தலையைக் குனிந்துகொண்டு நின்றதை அவன் என்னிடம் மட்டும்தான் சொல்லியிருக்கிறான். தன் பிள்ளைகள் அப்படி நிற்கக் கூடாது என்பது அவன் வைராக்கியம். வீடியோ காலில் வந்தால் முதல் கேள்வி, ஏ ஃபார் என்ன? குந்தவை போனைத் தூக்கிக்கொண்டு ஓடிப்போய், மொச்சைக்கொடி பந்தலில் ஏறியதைக் காட்டுவாள். அவன் முகம் சின்னதாகிவிடும்.

இந்த வருஷம் வைகாசியில் லீவில் வந்தான். வந்த மறுநாளே திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் விசாரித்துவிட்டு வந்தான். ஆனியில் பள்ளி திறக்கிறது, இரண்டு பேரையும் சேர்க்கலாம் என்று சொல்லிவிட்டார்களாம். வாணி அன்று அவனிடம் சண்டை போடவில்லை. இரண்டும் இன்னும் ஒரு வருஷம் வீட்டில் இருக்கட்டும், அப்புறம் குந்தவை நேரே ஒன்றாம் வகுப்பு, அதற்குப் பிறகு பகலவனைப் பற்றிப் பேசலாம் என்று கேட்டுப் பார்த்தாள். அவன் உடனே மறுக்கவும் இல்லை, சம்மதிக்கவும் இல்லை. குடவாசலில் மாமா வீட்டு நிச்சயதார்த்தம் முடியட்டும், அதற்குப் பிறகு சொல்கிறேன் என்றான்.

அந்தச் சில நாட்களில் வாணி ஒழுங்காகச் சாப்பிடவில்லை. பிள்ளைகள் தூங்கும்போது அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து வெறுமனே பார்த்துக்கொண்டிருப்பாள். தம்பி எது சொன்னாலும் கேட்டுக்கொள்வாள் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் எனக்குப் பயமாக இருந்தது.

குடவாசல் தங்கையன் மாமா எங்கள் அம்மாவின் தம்பி. நல்ல உயரம், நல்ல குரல். எங்கள் சொந்தத்தில் எந்தக் கல்யாணமானாலும் பந்தி விசாரிப்பது அவர்தான். எந்த இலையில் எது குறைகிறது என்று தூரத்திலிருந்தே தெரிந்துவிடும் அவருக்கு. போன வருஷம் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. நடை திரும்பி வந்தது, பேச்சு திரும்பி வந்தது, கை மட்டும் வரவில்லை. அதிலிருந்து அவர் நாலு பேர் எதிரில் சாப்பிடுவதே இல்லை. தனி அறையில் உட்கார்ந்து இடது கையால் சாப்பிடுவார். இப்போது அவர் மகளுக்குத்தான் நிச்சயம். பெண்ணைப் பெற்றவர் சம்பந்தியோடு முதல் பந்தியில் உட்கார்ந்துதான் ஆகவேண்டும். இதை நினைத்தே அவருக்கு ஒரு வாரமாகத் தூக்கமில்லை என்று மாமாவின் மனைவி மலர்க்கொடி அத்தை என்னிடம் சொன்னார்கள்.

சின்ன மண்டபம்தான் எடுத்திருந்தார்கள். தட்டு மாற்றுவதற்கு முன்னால் கொஞ்சம் நேரம் இருந்தது. எங்கள் பெரியம்மா பிரகதாம்பாளுக்குக் கூட்டம் என்றால் பிள்ளைகளை நடுவில் நிற்கவைத்து இங்கிலீஷ் பாட்டுச் சொல்லச் சொல்ல வேண்டும். அவர்கள் பேத்தி கையைக் காலை ஆட்டி இரண்டு பாட்டுச் சொன்னது. மாப்பிள்ளை வீட்டார் கைதட்டினார்கள். அடுத்து சதீஷ் பெண்ணைக் கூப்பிட்டார்கள். சிங்கப்பூர்க்காரர் பெண் என்றதும் எல்லோரும் திரும்பி உட்கார்ந்தார்கள்.

குந்தவை வாணியின் புடவைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். சதீஷ் குனிந்து கெஞ்சினான். ஒரு வரி, ஒரே ஒரு வரி. அவள் வாயைத் திறக்கவில்லை. வீட்டில் கோழியோடும் கொடியோடும் ஓயாமல் பேசுகிற பிள்ளை அங்கே ஊமையாகிவிட்டது. பெரியம்மா, பாவம், இன்னும் ஸ்கூலுக்கே போகலியாம் என்று மாப்பிள்ளையின் அம்மாவிடம் விளக்கம் கொடுத்தார்கள். அந்தப் பாவம் என்ற சொல்தான் சதீஷைக் கொன்றுவிட்டது. அவன் நிமிர்ந்து, வாணியிடம் மெதுவாகத்தான் சொன்னான். ஆனால் பக்கத்தில் இருந்த எனக்குக் கேட்டது.

“போதும் வாணி. பள்ளிக்கூடம் திறக்குற அன்னைக்கே ரெண்டு பேரும் வேன் ஏறட்டும்.”

அவள் சரி என்று தலையசைத்தாள். பிள்ளையை விலக்கி நிறுத்திவிட்டு, பரிமாற ஆள் வேண்டுமா என்று கேட்டுக்கொண்டே சமையல்கட்டுக்குப் போய்விட்டாள். அழுவதற்குத்தான் போகிறாள் என்று எனக்குத் தெரியும். பின்னால் போக நினைத்தேன். அதற்குள் தட்டு மாற்றி முடித்து, முதல் பந்திக்கு ஏற்பாடு செய்யச் சொல்லிவிட்டார்கள்.

மற்ற மேசைகளுக்குச் சமையல்காரர் ஆட்கள் இலை போட்டார்கள். சம்பந்திகள் உட்காரும் முன்மேசை மட்டும் எங்கள் பொறுப்பு. நான் காகிதத்தை விரித்துத் தண்ணீர் டம்ளர் வைத்துக்கொண்டு வந்தேன். திரும்பிப் பார்த்தால் குந்தவையும் பகலவனும் இலைக்கட்டைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார்கள். வீட்டில் செய்கிற வேலைதானே, செய்யட்டும் என்று விட்டுவிட்டேன். தம்பிக்காரன் ஒவ்வொரு இலையாக எடுத்துக் கொடுத்தான். அக்காக்காரி எம்பி எம்பிப் போட்டாள். எல்லாம் நுனி இடது பக்கமாகச் சரியாகவே விழுந்தது.

நடு நாற்காலிக்கு வந்ததும் அவள் நின்றாள். அங்கே யார் உட்காருவார்கள் என்று என்னைக் கேட்டாள். தங்கையன் தாத்தா என்றேன். உடனே அந்த நாற்காலியில் ஏறி உட்கார்ந்தாள். இடது கையை நீட்டி இலை மேல் வைத்துப் பார்த்தாள். இறங்கினாள். இலையை எடுத்து நேர் எதிர்ப்பக்கமாகத் திருப்பிப் போட்டுவிட்டு அடுத்த நாற்காலிக்குப் போய்விட்டாள். என் கையில் தண்ணீர் ஜக் இருந்தது. நானும் அதைப் பார்த்தேன். எனக்கு அந்த நொடியில் விளங்கவில்லை.

மாமாவைச் சம்பந்தி கையைப் பிடித்து அழைத்து வந்தார். கூட்டமே பின்னால் வந்தது. இலையை முதலில் கவனித்தவர்கள் பெரியம்மாதான். எங்கள் பக்கம் இலையை மாற்றிப் போடுவது இழவு வீட்டில் மட்டும்தான். நிச்சயதார்த்தத்தில், பெண்ணின் அப்பாவுடைய இலையை அப்படிப் பார்த்ததும் அவர்கள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்கள். யார் இந்தக் காரியத்தைப் பண்ணினது என்று கேட்டார்கள். எல்லோரும் குந்தவையைப் பார்த்தார்கள். சமையல்கட்டு வாசலில் சாம்பார் வாளியோடு வந்து நின்ற வாணியையும் பார்த்தார்கள். சதீஷ் எதிர் மேசைப் பக்கம் அப்படியே நின்றுவிட்டான்.

பெரியம்மா இலையைத் திருப்பப் போனார்கள். குந்தவை ஓடிவந்து இரண்டு கையாலும் இலையை அமுக்கிக்கொண்டாள்.

“திருப்பாதீங்க. தாத்தா இந்தக் கையாலதான் சாப்பிடுவாங்க. அகலம் இந்தப் பக்கம்தான் வரணும்.”

சபையில் ஒரு வரி சொல்ல வாய் திறக்காத பிள்ளை அத்தனை பேர் நடுவில் இதைச் சொன்னது. சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. தெரிந்த ஒன்றைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிற மாதிரிதான் சொன்னது.

மாமா இலையைப் பார்த்தார். நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். இடது கையை இலையின் அகலப் பக்கம் வைத்தார். ஒரு வருஷமாக அவருக்கு வீட்டில் இலை போட்டவர்கள் முறை மாறாமல்தான் போட்டிருக்கிறார்கள். இடது கை பக்கம் ஒடுங்கிய நுனி, ஊறுகாயும் உப்பும். சோறு எதிர்ப்பக்கம். அவர் உடம்பைத் திருப்பி, கையை எக்கி, ஊறுகாய் மேல் முழங்கை பட்டு, சோறு மடியில் சிந்திச் சாப்பிட்டிருக்கிறார். அந்த அசிங்கத்தை மற்றவர்கள் பார்க்கக் கூடாது என்றுதான் தனி அறைக்குப் போயிருக்கிறார். இலையைத் திருப்பினால் போதும் என்பது அவருக்கே தோன்றவில்லை. பந்தி விசாரித்தே பேர் வாங்கியவருக்கு எப்படித் தோன்றும்? நல்ல நாளில் இலை மாறக் கூடாது என்பது எங்கள் எல்லோருடைய ரத்தத்திலும் ஊறிப்போன விஷயம்.

“இப்படியே பரிமாறுங்க,” என்றார் மாமா.

சம்பந்தி நல்ல மனுஷர். ஒன்றும் நடக்காத மாதிரி பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, பசிக்கிறது, பேச்சை அப்புறம் வைத்துக்கொள்ளலாம் என்றார். இனிப்பு வந்தது, பொரியல் வந்தது, சோறு வந்தது. மாமா ஒரு பருக்கை சிந்தாமல் சாப்பிட்டார். பாயசத்தை இலையில் ஊற்றச் சொல்லி, வழித்துச் சாப்பிட்டார். நடுவில் தலையை நிமிர்த்தி, அந்தக் கோடி இலைக்கு ரசம் வரலையே என்று பழைய குரலில் அதட்டினார். மலர்க்கொடி அத்தை தூணுக்குப் பின்னால் நின்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்கள். காலையில் மாமா அறைக்குள் தனியாக இட்லி சாப்பிட்டபோது குந்தவை பக்கத்தில் நின்று ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாளாம். அத்தை எனக்கு அப்புறம் சொன்னார்கள்.

பெரியம்மாவுக்கு மட்டும் மனசு ஆறவில்லை. கை கழுவுகிற இடத்தில் வாணியைப் பிடித்துக்கொண்டார்கள். மாப்பிள்ளை வீட்டார் என்ன நினைத்திருப்பார்கள், ஏதாவது ஒன்று ஆனால் யார் பதில் சொல்வது, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே வைத்திருந்தால் முறை தெரியாமல்தான் வளரும் என்று பொரிந்து தள்ளினார்கள். வாணி தலையைக் குனிந்து நின்றாள். நான் வாயைத் திறக்கப் போனேன். எனக்கு முன்னால் சதீஷ் வந்து நின்றான்.

“பெரியம்மா, மாமாவுக்கு முடியாமப் போனதிலேருந்து நானும் போன்ல பேசிக்கிட்டுத்தான் இருக்கேன். கை எப்படி இருக்கு, மருந்து சாப்பிடுறீங்களான்னு கேட்டேன். அவர் எப்படிச் சாப்பிடுறாருன்னு நான் ஒரு நாள்கூட யோசிச்சதில்ல. எம்பொண்ணு அவர் நாற்காலியில உக்காந்து யோசிச்சிருக்கு.” வாணியைப் பார்த்தான். “அப்படி யோசிக்கச் சொல்லிக் குடுத்தவகிட்டயே ரெண்டும் இன்னும் ஒரு வருஷம் படிக்கட்டும்.”

பெரியம்மா முணுமுணுத்துக்கொண்டே போய்விட்டார்கள். வாணி குழாயைத் திறந்து கையைக் கழுவினாள், கழுவிய கையையே மறுபடியும் கழுவினாள். எனக்கு அந்த இடத்திலேயே அவளைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. எங்கள் குடும்பத்துக்கு இப்படி ஒரு பெண் வந்து சேர்ந்தாளே என்று நெஞ்சு நிறைந்துவிட்டது. நாத்தனார் கௌரவத்தைப் பார்த்து, புடவை நனைகிறது, குழாயை மூடு என்று மட்டும் சொன்னேன்.

காரில் திரும்பும்போது பிள்ளைகள் இரண்டும் பின்சீட்டில் என் மடியில் தூங்கிவிட்டன. வலங்கைமான் தாண்டும்போது தம்பி வண்டியை மெதுவாக்கினான். அப்புறம், எல்லாம் சரி, இங்கிலீஷ் ஒன்றுதான் தனக்கு இன்னும் உறுத்துகிறது என்றான். அவன் பயம் நிஜமானது என்று வாணிக்கும் தெரியும். அவள் அதை லேசாகத் தள்ளிவிடவில்லை.

“அத நீங்க சொல்லிக் குடுங்க. தினம் சாயங்காலம் போன்ல.”

“எனக்கே அரைகுறைதான், உனக்குத் தெரியாதா?”

“அப்படின்னா மூணு பேரும் சேந்தே கத்துக்குங்க,” என்றாள்.

கண்ணாடியில் அவன் முகம் எனக்குத் தெரிந்தது. கூட்டத்தில் தலைகுனிந்து நின்ற கதையைச் சொன்ன அன்று பார்த்த முகம் அது. ஆனால் இந்த முறை அதில் சிரிப்பும் இருந்தது.

லீவு முடிந்து அவன் சிங்கப்பூர் போய்விட்டான். ஆனி பிறந்தது, பள்ளிகள் திறந்தன. எங்கள் பிள்ளைகள் வேன் ஏறவில்லை. இப்போது சாயங்காலம் ஆனால் வாணி போனைச் சொம்பில் சாய்த்து வைக்கிறாள். அந்தப் பக்கம் சதீஷ் வேலை முடிந்து குளித்துவிட்டு, அங்கே வாங்கிய ஒரு படப்புத்தகத்தோடு உட்காருகிறான். இந்தப் பக்கம் குந்தவையும் பகலவனும். படத்தைப் பார்த்து இது என்ன செய்கிறது என்று இங்கிலீஷில் ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். அவன் ஒன்று சொல்வான், அவள் ஒன்று சொல்வாள். தப்பாக இருந்தால் வாணி அடுப்படியிலிருந்தே திருத்துவாள். திருத்தும்போது அவன் தலை குனிவதில்லை. அப்படியா டீச்சர் என்று கேட்டு, மறுபடியும் சொல்லிப் பார்க்கிறான்.

வேனேற்ற வருகிற அம்மாக்கள் இன்னமும் கேட்கத்தான் செய்கிறார்கள். வீட்டில் எத்தனை பிள்ளைகள் படிக்கிறார்கள் என்று போன வாரம் ஒருத்தி கேட்டாள். மூன்று என்றேன். இரண்டுதானே என்று முழித்தாள். மூன்றாவது பிள்ளை என் கூடப் பிறந்தவன், கொஞ்சம் தாமதமாகச் சேர்ந்தான், ஆனால் நன்றாகப் படிக்கிறான் என்று சொல்லிவிட்டு மிஷினை மிதித்தேன்.